மேஜைக்கு அடியில் இருந்த பெட்டி

தனியாக வாழ்ந்த அருளப்பனின் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் கிளம்பவில்லை. அவர் மேஜைக்கு அடியில் இருந்த அதன் சி.பி.யு. பெட்டியைத் திறந்து தூசி ஊதினார். ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்தார். "என்னடா ஆச்சு உனக்கு?" என்று தட்டிக்கொடுத்தார்.

பெட்டிக்குச் சரியாகிவிட்டது. ஆனாலும் பட்டனை அமுக்கியபோது கம்மென்று இருந்தது.

"கிளம்பேன்! செத்துப்போன மனைவியின் போட்டோவைப் பார்க்கத் தவிக்கிறார்" என்றது மானிட்டர்.

"கிளம்பினால் உன்னைத்தான் பார்ப்பார். இன்றைக்குத்தான் முதல்முறையாக என்னைப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் இருக்கட்டுமே" என்றது பெட்டி.

அருளப்பன் மறுபடி மறுபடி அமுக்கிப் பார்த்தார். கடைசியில், "நீயும் போயிட்டியா?" என்று பிளக்கைப் பிடுங்கினார்.

"ஐயோ, இதோ கிளம்பறேன்!" என்று பெட்டி பதறியது. கரண்ட் இல்லாததால் சத்தம் வெளியே வரவில்லை.