சுடாத மண்

பூரணியின் பதினோரு மண் உருவங்களும் வெயிலில் மட்டுமே காய்ந்தவை. குடிசைக்குள் பூட்டிக் கொளுத்தப்பட்டவர்களை இன்னொரு முறை நெருப்பில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. பதினொன்று என்பது, கூரையைப் பிய்த்துக்கொண்டு தப்பிய அவள் அம்மா சொன்ன கணக்கு.

கண்காட்சியின் கடைசி நாள் ஒரு கிழவர் வந்தார். ஒவ்வோர் உருவத்தின் முன்னாலும் நெடுநேரம் நின்றுவிட்டு, மூலையில் மண் பிசைந்துகொண்டிருந்த அவளிடம் வந்தார்.

“ஒண்ணு குறையுதேம்மா.”

“அம்மா பதினொண்ணுன்னுதாங்க சொன்னாங்க.”

“கதவுக்கு அடியில கைய மட்டும் வெளிய நீட்டிக்கிட்டு ஒரு பொண்ணு கிடந்துச்சு. பச்சை வளையல்.”

பூரணியின் கை மண்ணுக்குள் அப்படியே நின்றது.

“நீங்க எங்க நின்னு பாத்தீங்க?”

அவர் கைத்தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“உக்காருங்கய்யா. முகத்தத் திருப்பாதீங்க.”

அவர் உட்கார்ந்தார். அவள் விரலடியில் நெற்றி வந்தது, மூக்கு வந்தது, இறுகிய தாடை வந்தது. கிழவர் எட்டிப் பார்த்தார்.

“மத்ததெல்லாம் அங்கங்க வெடிச்சிருக்கே. இதுவும் வெடிச்சிடுமா?”

“வெடிக்காதுங்க,” என்றாள் பூரணி. “இத மட்டும் சூளையில வைக்கப்போறேன்.”