மதிலில் வைத்த சோறு

பள்ளிக்கூடச் சோறு தட்டில் விழுந்ததும் மதுஷா இன்றைக்கும் மதிலடிக்குத்தான் போனாள். பாதியை வாழையிலைத் துண்டில் அள்ளி, மேலே கொஞ்சம் பருப்பு விட்டு, கல்லில் ஏறி மதிலில் வைத்தாள். முருங்கைமரத்துக் காகங்கள் பார்த்துக்கொண்டே இருந்தன, ஒன்றும் இறங்கவில்லை.

பிரியந்தினி ரீச்சர் நெல்லியடியிலிருந்து மயிலிட்டிக்கு இடமாற்றம் கிடைத்து, போன கிழமைதான் வந்திருந்தாள். வந்த அன்றே கேட்டுவிட்டாள்.

"உது ஆருக்கு, பிள்ளை?"

"அப்பாக்கு, ரீச்சர்."

அதற்குமேல் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கடலை நம்பிய ஊர். கடல் கொண்டுபோன ஒருவர் எந்த வீட்டிலும் இருப்பார்.

பிரியந்தினியின் வீட்டில் காகத்துக்குச் சோறு வைப்பதே இல்லை. வைத்தால், சண்டைக்குள் காணாமற்போன அப்பா செத்துவிட்டார் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும் என்பது அம்மாவின் பிடிவாதம். தகப்பனுக்கு ஒரு பிடி வைக்கக் கொடுத்துவைத்த பிள்ளை என்று மதுஷாவைப் பார்க்கப் பொறாமையாகக்கூட இருந்தது.

ஆனால் இன்று காலைப் பிரார்த்தனையில் மதுஷா மயங்கி விழுந்துவிட்டாள். மண்ணெண்ணெய் இல்லாமல் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்த காலம் அது. பல பிள்ளைகளுக்கு இந்த ஒருநேரச் சோறுதான் அன்றைய சாப்பாடே. அதிலும் பாதியை மதிலில் வைத்தால் பிள்ளை தாங்குமா?

பிரியந்தினி மதிலிலிருந்து இலையை எடுத்து வந்து மதுஷாவின் தட்டில் கவிழ்த்தாள்.

"வேண்டாம், ரீச்சர். அது அப்பான்ரை."

"செத்தவைக்குப் பசிக்காது, பிள்ளை." குரல் அவளை அறியாமலே உயர்ந்துவிட்டது. "உயிரோடை இருக்கிறவைக்குத்தான் பசிக்கும். நீ சாப்பிடு."

மதுஷா ரீச்சரை விளங்காமல் பார்த்தாள். பிறகு மதிலைப் பார்த்தாள்.

"சாப்பிட்டாத்தான் விடுவன்."

பிள்ளை அழுதபடியே ஒரு வாய் வைத்தாள். செத்த மனிசன் வாயிலிருந்து பறித்த பாவம் தன்னோடு போகட்டும் என்று பிரியந்தினி நினைத்துக்கொண்டாள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமும் சத்தம் கேட்டது. பிறகு ஓர் ஆண்குரல், மெல்ல:

"சாப்பிடு பிள்ளை. அப்பாக்கு இண்டைக்குப் பசிக்கேல்லை."