டிராயரில் ஒரு ஸ்லைடு

காலையில் லேப் திறந்ததும் மூத்த டெக்னீஷியன் அக்கா, டிராயரிலிருந்து அதே பழைய ரத்த ஸ்லைடை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைப்பாள். பார்த்து முடிக்கும்வரை யார் கூப்பிட்டாலும் ஏனென்று கேட்கமாட்டாள்.

புதிதாகச் சேர்ந்தவளுக்குப் பத்து நாளாக வாய் நமநமத்தது. அன்று கேட்டேவிட்டாள்.

"யாரு ரத்தம்க்கா அது?"

"என் பொண்ணோடது. ஏழு வயசு. கேன்சர்ல போயிட்டா."

"ஐயோ! முன்னாடியே தெரியலையா?"

"இதுலயே தெரியுது. பாத்தவளுக்கு, பிள்ள காய்ச்சலாக் கெடக்குதேன்னு வீட்டுக்கு ஓடுற அவசரம். 'நார்மல்'னு கையெழுத்துப் போட்டுட்டா. ஆறு மாசம் வீணாப் போச்சு."

"அந்தப் பாவியச் சும்மாவா விட்டீங்க?"

"விடுவேனா? வேலைய விட்டுப் போகக்கூட விடல."

அக்கா மறுபடி குனிந்து லென்ஸில் கண்ணை வைத்தாள்.

"தினமும் காலைல அவள இதப் பாக்க வைக்கிறேன்."