பத்து நிமிட வெயில்

"அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையேன். காதுல விழட்டும்" என்றார் வெல்டர், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு.

"காலங்காத்தால ஆரம்பிச்சுட்டீங்களாண்ணே" என்று மறுமுனையில் ஒல்லி கொட்டாவி விட்டான். பெயர்தான் ஒல்லி. அவன் ஏறி உட்கார்ந்தால் கட்டில் அழும்.

இங்கே வெயில் ஏறிவிட்டது. அங்கே இப்போதுதான் விடிந்திருக்கும். யாரும் பார்க்காத இடமாக, மாடிப்படியின் மூலையில் உட்கார்ந்திருந்தார் வெல்டர். சுவரில் புதுப் பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. இங்கே வந்து ஐந்து மாதம் ஆகிறது. எந்த ஸ்விட்சைப் போட்டால் எந்த விளக்கு எரியும் என்பது இன்னும் பிடிபடவில்லை. சாப்பாடு வேளாவேளைக்கு வருகிறது. எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள். அந்த மரியாதைதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது.

"ரொட்டிக்கடை ஷட்டரைத் தூக்கியாச்சா?"

"இப்பத்தான் தூக்குறான். கேக்குதா?"

கேட்டது. பாதி ஏறி, மாட்டிக்கொண்டு, ஓர் உதை வாங்கிய பிறகு மீதி ஏறும் அதே கரகர சத்தம். அதைக் கேட்டதுமே வெல்டரின் மூக்கில் சூடான ரொட்டி மணத்தது. கண்ணை மூடிக்கொண்டார்.

"வெயில் வந்துடுச்சா?"

"உங்க தலையணை மேல விழுது. பத்து நிமிஷந்தான். அப்புறம் எதிர் பில்டிங் மறைச்சுடும்."

"அந்தப் பத்து நிமிஷம் போதும்டா. டீ கிளாஸைக் கையில வச்சுக்கிட்டு, இடது கன்னத்தை வெயிலுக்குக் காட்டிக்கிட்டு உக்காரணும். ராஜாகூட அப்படி உக்காந்திருக்க மாட்டான். சரி, குழாயைத் திறந்து விடு."

"அது முனகுதுன்னு தினமும் திட்டுன ஆளு நீங்க."

"திட்டுனேன். இப்ப அது முனகாம எனக்குத் தூக்கம் வரல."

குழாய் முனகியது. வெல்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஒல்லி சிரிக்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"உங்க கட்டிலைக் கேக்குறாங்க. நாளைக்கு ஒருத்தர் வர்றாரு. சும்மாதானே கிடக்குதுன்னு..."

அந்த ஜன்னலோரம் தனக்காகக் காலியாக இருக்கும்வரை, திரும்பிப் போக ஓர் இடம் இருக்கிறது என்றுதான் இத்தனை நாளும் வெல்டர் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தார்.

"நான் வரவே மாட்டேன்னு முடிவு கட்டிட்டீங்களா எல்லாரும்?"

"வர்ற தேதியை நீங்க சொல்லலையேண்ணே."

"எப்படிடா சொல்றது? வந்த மறுநாளே பாஸ்போர்ட்டை வாங்கி பீரோவுல வச்சுப் பூட்டியாச்சு. சாவி எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

"கேட்டுப் பாக்க வேண்டியதுதானே?"

"பேச்சை எடுத்தாலே முகம் போற போக்கைப் பாக்கணும் நீ. அதுக்கு மேல எனக்கு வாய் வராது."

ரொட்டிக்கடையில் யாரோ தட்டுகளை அடுக்கும் சத்தம் மட்டும் போனில் வந்தது.

"ஒரு மாசம் தள்ளிப்போடச் சொல்லிப் பாக்கவாண்ணே?"

வெல்டர் யோசித்தார். "வேண்டாம். பாவம், வர்ற மனுஷன் எங்க படுப்பான்? ஆனா அந்த வெயிலைப் பத்திச் சொல்லிடு. தெரியாம அந்தப் பக்கம் கால் நீட்டிப் படுத்துடப் போறாரு. கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடிச்சு முட்டுக் குடுத்திருக்கேன். குப்பைன்னு எடுத்துப் போட்டுடாதீங்க."

"சரிண்ணே."

"கடைசியா ஒரு தடவை நீ ஏறி உக்காரு. நான் கேக்கணும்."

கட்டில் அழுதது. வெல்டருக்கும் அடக்க முடியவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

படியில் காலடிச் சத்தம். அவசரமாகப் போனை அணைத்து, முகத்தைத் துடைத்தார்.

"யாருக்குப் போன்?"

இருபத்திரண்டு வருடமாக இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் அவரிடம் ஒரே பதில்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"வீட்டுக்கு."

காபி டம்ளரோடு நின்ற அவர் மனைவி, அவர் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய பணத்தில் ஒவ்வொரு செங்கல்லாகப் பார்த்துப் பார்த்துத் தான் கட்டிய அந்த வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள்.