துண்டுக்குள் இருந்த கை

ஏலத்தில் விலைபோகாத குதிரைகளைக் கறிக்கு ஏற்றிப்போக லாரி நிற்கும். அதற்கு முன் எஸ்தர் வந்துவிடுவாள். நோஞ்சான் குதிரைகளை வாங்கிக் காப்பாற்றுகிறவள். வியாபாரியான என் கணவரும் அவளும் கைகளைத் துண்டால் மூடி, விரல்களைப் பிடித்து விலை பேசுவார்கள். மற்றவர்களோடு நொடியில் முடிகிற பேச்சு அவளோடு மட்டும் நீளும். கேட்டால், "துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதில்ல புள்ள" என்று சிரிப்பார்.

இன்று விலா எலும்பு துருத்திய ஒரு பெட்டைக் குதிரை. துண்டு அசையத் தொடங்கியதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் கையை இழுத்துத் தள்ளிவிட்டு என் கையை உள்ளே விட்டேன். அவள் விரல்களை நசுக்கிவிடத்தான் நினைத்தேன். காய்த்துப்போன கை. அவள் கண்கள் லாரியையே பார்த்தன. ஒரே ஒரு விரலைப் பிடித்து, இருப்பதிலேயே குறைந்த விலையைச் சொன்னேன். அதன்பிறகும் கையை விடத் தோன்றவில்லை.

அவள் குதிரையை அவிழ்த்துக்கொண்டு போனாள்.

"என்ன வெலைக்குக் குடுத்தே?"

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதில்லீங்க."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுக்கு எதுக்கு அத்தன நேரம்?" என்றார்.