நைஸ் சொன்னால் நிற்கணும்

"எழுந்து நில்லுங்க!"

டாக்ஸி டிரைவர் எழுந்தார். தலை நரைத்த மனுஷன், பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைக் கட்டிக்கொண்டார்.

மருந்துக்கடை மாடியில் பெரியவர்களுக்காக நடக்கும் மாலை நேர ஆங்கில வகுப்பு அது. அங்கே ஒரு சட்டம். எதைக் காட்டினாலும் 'நைஸ்' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது. சொன்னால் வகுப்பு முடிகிறவரை நிற்கணும். சட்டம் போட்டது மிஸ். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் 'டிக்‌ஷனரி'.

"சாப்பாடும் நைஸ், சட்டையும் நைஸ், சாவு வீடும் நைஸா?" மிஸ் பொரிந்து தள்ளினார். "அதோட பூர்வீகம் தெரியுமா? லத்தீன்ல 'ஒண்ணும் தெரியாத'ன்னு அர்த்தம். இங்கிலீஷுக்கு வந்த புதுசுல 'முட்டாள்தனமான'. அப்புறம் 'கூச்சப்படுற', 'நுணுக்கமான'ன்னு வேஷம் மாறி மாறித்தான் 'நல்ல'ன்னு ஆச்சு!"

வகுப்பே சிரித்தது. டிரைவரும் சிரித்து வைத்தார்.

டிரைவரிடம் காட்டிய அதே படத்தை மிஸ் பக்கத்தில் இருந்த நர்ஸிடம் காட்டினார். ஒரு ஏரி, ஒரு படகு.

"லேக்... நைஸ், மிஸ்."

"நீங்களும் நில்லுங்க!"

இரண்டு வாரமாக இதே கூத்து. தினமும் நிற்பது இவர்கள் இரண்டு பேர்தான்.

வகுப்பு முடிந்ததும் டிரைவர் முதல் ஆளாக இறங்கிப் போனார். மிஸ் நர்ஸை மட்டும் நிறுத்தினார்.

"அடுத்த வாரம் வெளிநாட்டு ஆஸ்பத்திரி இன்டர்வியூ. சேர்ந்தப்ப இங்கிலீஷ் உங்களுக்குத் தண்ணி பட்ட பாடு. இப்ப என்ன வந்துச்சு? இப்படியே போனா ஆரம்ப வகுப்புக்குத்தான் மாத்தணும். அங்க இன்டர்வியூ பயிற்சி கிடையாது, தெரியும்ல?"

நர்ஸ் படிக்கட்டை எட்டிப் பார்த்துக்கொண்டாள். குரலைத் தாழ்த்தினாள்.

"காம், பியூட்டிஃபுல், பீஸ்ஃபுல்... எல்லாம் தெரியும் மிஸ். அந்த அண்ணனுக்குத்தான் வேற வார்த்தையே வாயில வரல. தனியா நின்னா வெக்கப்பட்டு வகுப்பையே விட்டுடுவார். அதான் துணைக்கு நானும்..."

மிஸ்ஸுக்குச் சுருக்கென்றது. இவளையா கீழே தள்ளப் பார்த்தோம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"நீங்க எங்கேயும் மாற வேண்டாம். போங்க, இன்டர்வியூவுக்குப் படிங்க."

கையோடு சட்டத்தையும் எடுத்துவிடுவது என்று முடிவு செய்துகொண்டு மிஸ் கீழே இறங்கினார். டிரைவர் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர் சார், நாளையிலேர்ந்து யாரும் நிக்க வேண்டாம்."

"ரொம்ப நல்லதாப் போச்சு மிஸ்!" அவர் முகமெல்லாம் சிரிப்பு. "பிளெசன்ட், லவ்லி எல்லாம் எனக்கு எப்பவோ பழகிடுச்சு. அந்த நர்ஸ் தங்கச்சிக்குத்தான் பாவம், நைஸை விட்டா ஒண்ணும் வரல. தனியா நிக்குமேன்னுதான் நானும் தினம் சொல்லிட்டு நின்னேன். அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க!"