பதினெட்டு கிராம்

மதிய வெயில் கூடாரத் துணி வழியாக மஞ்சளாக இறங்குகிறது. மலைச் சைக்கிள் பந்தயத்தின் கடைசிச் சாவடி. இருநூறு கிலோமீட்டரில் நூற்று நாற்பதைத் தாண்டி வந்தவன் புழுதியில் உட்கார்ந்திருக்கிறான். பின் கியரைச் சட்டத்தோடு பிடித்து நிறுத்தும் ஹேங்கர், கட்டைவிரல் அளவு அலுமினியத் துண்டு, பாறையில் இடித்து இரண்டாகிவிட்டது. சங்கிலி குடல் சரிந்தாற்போலத் தொங்குகிறது. சாவடி மூட இன்னும் பதினோரு நிமிடம்; அதற்குள் கிளம்பாதவர் பந்தயத்துக்கு வெளியே. அவன் முழங்காலைப் பார்த்த டாக்டர், இதுதான் கடைசிப் பந்தயம் என்று சொல்லிவிட்டார்.

"ஸ்பேர் எங்கடா?" தண்ணீர் பாட்டிலோடு அக்கா குனிகிறாள்.

"வீட்டுல. எடையைக் குறைக்கலாம்னு எடுத்து வெச்சிட்டேன். பதினெட்டு கிராம்."

"அடப்பாவி! நேத்து ரெண்டாவது தட்டு சாப்பிடாம இருந்திருந்தா போதாதா?"

சிரிக்க வைக்கத்தான் சொல்கிறாள். அவன் சிரிக்கவில்லை. நாலடி தள்ளி மெக்கானிக்கின் பெட்டியில் அதே துண்டு மின்னுகிறது. ஆனால் அவனவன் சுமந்து வந்ததை மட்டுமே மாட்டலாம் என்பது விதி. மெக்கானிக் வந்திருப்பது பந்தயத்தை விட்டவர்களுக்காக.

"பாத்தும் பாக்காத மாதிரி இருங்களேன் சார்," என்று அக்கா நடுவரைக் கெஞ்சுகிறாள்.

"எப்படிம்மா? எல்லாரும் என்னைத்தானே பாக்கறாங்க."

"நேரம் முடியட்டும் தம்பி, நானே மாட்டித் தர்றேன்," என்கிறார் மெக்கானிக், ஆறுதலாக.

அவன் பெடலைக் கையால் சுற்றுகிறான். சக்கரம் அசையவில்லை. மறுபடி சுற்றுகிறான். நேரம் முடிந்து விசில் ஒலிக்கிறது. அவன் கணுக்காலில் கட்டியிருக்கும், பந்தய நேரத்தைப் பதிவுசெய்யும் பட்டையை வெட்ட, நடுவர் கத்தரியோடு மண்டியிடுகிறார். அவர் கேட்பதற்கு முன்பே அவன் காலை நீட்டிக் கொடுக்கிறான்.